கிரிபாஸ் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? தண்ணீரிலிருந்து தொடங்கலாம்

கேள்வி இது: "பசிபிக் கடலில் கிரிபாட்டி என்ற நாடு மூழ்கப்போகிறது என்று செய்திகளில் பார்த்தேன். அது எங்கே இருக்கிறது? அங்கே என்ன விளையும், எப்படிப்பட்ட மக்கள்? மூழ்கப்போகிறது என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?"

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள். அந்த நாட்டை நாம் கேள்விப்படும்போதெல்லாம் "மூழ்கும் நாடு" என்றுதான் கேள்விப்படுகிறோம். ஆனால் அங்கே வாழ்வது எந்தக் காலத்திலும் சுலபமாக இருந்ததில்லை. ஆறு இல்லை, ஏரி இல்லை, மலை இல்லை, மண் என்று சொல்லத்தக்க மண்ணும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மக்கள் கூட்டம் வாழ்ந்து, தனக்கென்று ஒரு மொழியும் சட்டமும் ஆட்டமும் வளர்த்திருக்கிறது. எனக்கு அந்த நாட்டின் மேல் இருக்கும் மரியாதை முழுவதும் அங்கிருந்து வருவதுதான்.

பெயரைப் பற்றி ஒரு வரி: எழுத்துக்கூட்டினால் கிரிபாட்டி என்று வரும், அந்த ஊர்க்காரர்கள் கிரிபாஸ் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மொத்தம் 33 தீவுகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் நிலம் சுமார் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்த நாட்டுக்குச் சொந்தமான கடல் ஏறக்குறைய 35 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடக் கொஞ்சம் பெரிது. நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் மூன்று கூட்டங்களாகத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மேற்கே கில்பர்ட் தீவுகள், நடுவில் பீனிக்ஸ் தீவுகள், கிழக்கே லைன் தீவுகள். பெரும்பாலான மக்கள் கில்பர்ட் தீவுகளில்தான் இருக்கிறார்கள், தலைநகரமான தராவாவும் அங்கேதான். பீனிக்ஸ் கூட்டத்தில் கான்டன் என்ற ஒரே தீவில் மட்டும் சில பத்துப் பேர் வசிக்கிறார்கள். லைன் தீவுகளில் இருக்கும் கிரிட்டிமாட்டியை கிறிஸ்மஸ் தீவு என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1777 டிசம்பர் 24 அன்று கேப்டன் குக் அங்கே வந்து சேர்ந்ததால் வந்த பெயர். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு தீவுதான். தராவாவிலிருந்து அங்கே போக 3,200 கிலோமீட்டருக்கும் மேல்.

இவ்வளவு அகலமாகப் பரந்திருந்ததால் ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. உலகத் தேதிக்கோடு நாட்டின் குறுக்கே ஓடியது. தராவாவில் திங்கட்கிழமை அலுவலகம் திறந்தால் கிரிட்டிமாட்டியில் ஞாயிற்றுக்கிழமை. அங்கே வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது இங்கே சனிக்கிழமை விடுமுறை. வாரத்தில் நான்கு நாள்தான் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை நாள். 1995 தொடக்கத்தில் கோட்டைக் கிழக்கே தள்ளி நாடு முழுவதையும் ஒரே தேதிக்குள் கொண்டுவந்தார்கள். உலகத்தில் புத்தாண்டு முதலில் பிறப்பது இப்போது லைன் தீவுகளில்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

இந்தத் தீவுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பவளப்பாறையும் பவள மணலும் சேர்ந்தவை. பழைய எரிமலை ஒன்று மெல்லக் கடலுக்குள் அமிழ, அதன் ஓரத்தில் வளர்ந்த பவளப்பார் மட்டும் வளையமாக மேலே நின்றுவிடுகிறது. அலை அந்தப் பாரை உடைத்துக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மணலும்தான் நிலம். வளையத்தின் உள்ளே அமைதியான காயல், வெளியே ஆழ்கடல். பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான் அகலம். பெரும்பாலான இடங்களில் உயரம் கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டருக்கும் குறைவு.

இப்படிப்பட்ட மணல் திட்டில் குடிநீர் எப்படிக் கிடைக்கும்? பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே உப்பு நீர் ஊறி நிற்கிறது. நல்ல நீர் உப்பு நீரைவிட இலேசானது, அதனால் உடனே கலந்துவிடாமல் மேலே மிதக்கிறது. தீவின் நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, நிலத்தடியில் ஒரு நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கிணறு வெட்டினால் ஓரிரு மீட்டரில் தண்ணீர். ஆனால் கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். தீவு அகலமாக இருந்தால்தான் படலம் தடிமனாக இருக்கும், குறுகலான தீவில் அதுவும் இல்லை. அந்த நாட்டின் வரலாற்றில் பாதியை இந்தப் படலத்தை வைத்தே விளக்கிவிடலாம் என்பது என் கருத்து.

தராவாவில் சராசரியாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. கேட்க நிறையத்தான். ஆனால் அது, பசிபிக் கடல் சில ஆண்டுகள் வழக்கத்தைவிடச் சூடாகவும் (எல் நினோ) சில ஆண்டுகள் குளிர்ந்தும் (லா நினா) மாறுவதன் கையில் இருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் கொட்டித் தீர்க்கும், லா நினா வந்தால் மாதக்கணக்கில் வானம் பொய்த்துவிடும். தெற்குத் தீவுகளில் வறட்சி இன்னும் கடுமை. வறட்சி நீண்டால் முதலில் கிணறு உவர்க்கும், அப்புறம் ஈரப்பலா மரம் பட்டுப்போகும், கடைசியில் தென்னை காய்ப்பு குறையும். புயல் அங்கே அரிது, ஏனென்றால் நிலநடுக்கோட்டை ஒட்டி அது சுழன்று உருவாக முடியாது. ஆனால் 2015இல் பாம் புயல் வனுவாட்டுவை அடித்தபோது, அது கிளப்பிய பெரிய அலைகள் தூரத்திலிருந்தே வந்து கிரிபாஸின் தெற்குத் தீவுகளான தமனா, அரோரே ஊர்களைச் சேதப்படுத்தின.

என்ன விளையும் என்றால், உங்களுக்குத் தெரிந்த மரங்கள்தான். தென்னை, தாழை, ஈரப்பலா. இவற்றோடு பபாய் என்ற பெருஞ்சேம்பு. இந்தப் பபாயைப் பயிரிடுவதுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. நன்னீர்ப் படலம் தட்டுப்படும்வரை குழி தோண்டுகிறார்கள், இரும்பு இல்லாத காலத்தில் சிப்பியாலும் ஆமை ஓட்டாலும் தோண்டிய குழிகள் அவை. குழியின் அடியில் செடியை நட்டு, அதைச் சுற்றி அடிப்பாகம் இல்லாத ஓலைக் கூடையை வைத்து, அதற்குள் காய்ந்த இலைகளையும் கறுத்த மண்ணையும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மண் இல்லாத ஊரில் மண்ணைத் தாங்களே செய்கிறார்கள். ஒரு செடி விருந்துக்குத் தகுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். எந்த இலை, எப்போது, எவ்வளவு என்பது குடும்ப ரகசியம். குழி பரம்பரைச் சொத்து, மகளுக்குக் கல்யாணத்தில் கொடுப்பதும் உண்டு. கடல் நீர் ஒருமுறை ஏறி இந்தக் குழிக்குள் புகுந்துவிட்டால் பல தலைமுறை உழைப்பு அழுகிப்போகிறது.

தென்னையைப் பற்றி நமக்கு யாரும் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் பாளையைக் கட்டி நுனியைச் சீவி, காலையும் மாலையும் மரமேறிச் சாறு இறக்குகிறார்கள். மரத்தின் உச்சியில் இருந்தபடி உரக்கப் பாடுவது வழக்கம். புதுச் சாறு கரேவே. அது குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும், காய்கறி குறைந்த அந்தத் தீவுகளில் வைட்டமின் சி கிடைத்த முக்கிய வழி அதுதான். காய்ச்சிப் பாகாக்கினால் கமைமை, நாள்கணக்கில் கெடாது, தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். புளிக்கவிட்டால் கள். தாழம்பழத்தைச் சமைத்துக் கூழாக்கித் தட்டி வெயிலில் காயவைத்தால் டுவாய் என்ற வற்றல், வறட்சிக் காலத்துக்கும் நீண்ட கடற்பயணத்துக்கும் சேமித்து வைத்த உணவு. மீதி எல்லாம் கடலிலிருந்து: சூரை (டியூனா), பறக்கும் மீன், காயல் மணலில் கிடைக்கும் சிப்பி. இப்போது அரிசியும் மாவும் சர்க்கரையும் டப்பா இறைச்சியும் கப்பலில் வந்து பெரும்பங்கு இடத்தைப் பிடித்துவிட்டன, அதோடு நீரிழிவும் வந்துவிட்டது.

இப்படிக் குறைவாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதற்கு மனியாபாவைப் பார்க்க வேண்டும். ஊரின் நடுவில் நிற்கும் பெரிய மண்டபம் அது. சுவர் கிடையாது. ஓலைக் கூரை நான்கு பக்கமும் தாழ இறங்கியிருக்கும், உள்ளே நுழைகிறவர் யாராக இருந்தாலும் குனிந்துதான் வர வேண்டும். மரபான கட்டடத்தில் ஆணியே இருக்காது, எல்லாம் தென்னை நார்க் கயிற்றுக் கட்டு. உள்ளே ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் இடம், அதற்கு "போட்டி" என்று பெயர் (அது அவர்கள் மொழிச் சொல், நம் தமிழ்ப் போட்டி அல்ல). யார் எங்கே உட்கார வேண்டும் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. வேறு தீவிலிருந்து வருகிறவர்கூட, தன் குலத்தின் போட்டி எது என்று தெரிந்தால் நேரே போய் அங்கே உட்கார்ந்துவிடலாம், அந்த நிமிடத்திலிருந்து அவர் அந்நியர் இல்லை. ஊர் வழக்கு, விருந்து, ஆட்டம், விருந்தினர் தங்குவது எல்லாம் அங்கேதான். முடிவு சொல்வது உனிமானே எனப்படும் முதியவர்கள். அந்தக் காலத்தில் கடலோடிகளுக்கு விண்மீன் பாடம் நடந்ததும் இந்தக் கூரையின் கீழ்தான். கூரையின் சட்டங்களை வானத்தின் பகுதிகளாக வைத்துக்கொண்டு எந்த விண்மீன் எங்கே உதிக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நாட்டின் பாராளுமன்றத்துக்கும் மனியாபா என்றுதான் பெயர்.

எல்லாத் தீவும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடக்குத் தீவுகளில் தலைவர்கள் இருந்தார்கள், அபேமாமாவின் டெம் பினோக்கா மாதிரி அஞ்சத்தக்க அரசர்களும் இருந்தார்கள். தெற்கே அரசர் என்று யாரும் இல்லை, மனியாபாவும் முதியவர்களும்தான்.

அடுத்தது புபுட்டி. உறவினர் ஒருவர் வந்து உங்களிடம் ஒன்றைக் கேட்டால், அது படகோ பாயோ பணமோ, கொடுத்துத்தான் ஆக வேண்டும். மறுப்பது பெரிய வெட்கம். நாளை உங்களுக்கும் அதே உரிமை உண்டு. வறட்சி ஓர் ஊரை அடித்து இன்னோர் ஊரை விட்டுவிடும் நாட்டில் இதைவிட நல்ல காப்பீடு எது? ஆனால் சம்பளக் காலத்தில் இதே வழக்கம் கனக்கிறது. தராவாவில் வேலையில் இருக்கும் ஒருவரின் வீட்டில் வெளித்தீவிலிருந்து வந்த பத்துப் பேர் இருப்பது சாதாரணம். கடை வைத்தால் உறவினர் வந்து கேட்டே சரக்கு தீர்ந்துவிடும். தனியார் கடை தள்ளாடிய ஊர்களில் கூட்டுறவுக் கடைகள் நீண்டகாலம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு ஆலோசகர்கள் சிலர் இதை வளர்ச்சிக்குத் தடை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிச்சைக்காரர்களும் ஆதரவற்ற முதியவர்களும் அந்த நாட்டின் தெருக்களில் அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்த வழக்கம்தான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பசிபிக் ஆட்டம் என்றதும் இடுப்பை அசைத்துச் சிரித்தபடி ஆடுவதுதான் நம் நினைவுக்கு வரும். கிரிபாஸ் ஆட்டம் அதற்கு நேர் எதிர். விரித்த கைகள், சடாரென்று திரும்பும் தலை, அசையாத முகம். எல்லாம் ப்ரிகேட் என்ற பெரிய கடற்பறவையின் அசைவுகள், நாட்டுக் கொடியிலும் உதிக்கும் சூரியனுக்கு மேலே பறப்பது அதுதான். ஆடும்போது சிரிப்பது மரபு இல்லை. பின்னால் ஒரு கூட்டம் மரப்பெட்டியைத் தட்டியபடி மெல்லத் தொடங்கி, வேகமும் சத்தமும் ஏற ஏற, ஆடுகிறவர்கள் உணர்ச்சி தாங்காமல் அழுவதும் அலறுவதும் உண்டு. நின்று ஆடுவது கைமாடோவா, உட்கார்ந்து ஆடுவது பினோ. பளுதூக்கும் வீரர் டேவிட் கட்டோவாட்டாவு 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நாட்டுக்கு முதல் பதக்கமாகத் தங்கமே வாங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர் மேடையில் ஆடியதைப் பலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். தன் நாட்டின் நிலைமையை உலகம் திரும்பிப் பார்க்கத்தான் ஆடினேன் என்று அவரே சொன்னார்.

வரலாற்றில் பனாபாவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நான் மேலே "ஒன்றைத் தவிர" என்றேனே, அந்தத் தீவு அது. மேடாக உயர்ந்த பவளத் தீவு, உச்சி 80 மீட்டருக்குச் சற்று மேல், பரப்பு ஆறு சதுர கிலோமீட்டர்தான். அங்கே குடிநீர் நிலத்தடிக் குகைகளில் இருந்தது. பங்கபங்கா எனப்படும் அந்தக் குகைகளுக்குள் பெண்கள் மட்டுமே போகலாம், இருட்டில் ஊர்ந்து போய்ச் சிரட்டைகளில் நீர் மொண்டு வருவார்கள். 1870களின் வறட்சி அந்தத் தீவின் மக்களில் பெரும்பகுதியைக் கொன்றது அல்லது விரட்டியது. மிஞ்சியவர்கள் இருந்த தீவுக்கு 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் வந்தார். தீவு முழுவதும் உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட் என்று கண்டுபிடித்து, ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டுகளுக்கு என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்.

அதன் பிறகு எண்பது ஆண்டு அந்தத் தீவைச் சுரண்டி எடுத்தார்கள். 1920இலிருந்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்த ஆணையம் சுரங்கத்தை நடத்தியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் அந்த உரத்தில் செழித்தன. பனாபாவில் மரமும் குகையும் போய், கூர்மையான பவளத் தூண்கள் மட்டும் நின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவைப் பிடித்து மக்களை வேறு தீவுகளுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு அவர்களை வீடு திரும்ப விடவில்லை. 1945 டிசம்பர் 15 அன்று ஏறக்குறைய ஆயிரம் பேரை 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஃபிஜியின் ராபி தீவில், ராணுவக் கூடாரங்களில், மழைக்காலத்தில் இறக்கியது. ராபியை வாங்கிய பணமும் பனாபா மக்களின் பாஸ்பேட் பணம்தான். 1970களில் அவர்கள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976இல் வந்த தீர்ப்பு, அரசு நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்தது, ஆனால் அவர்கள் கேட்ட இழப்பீட்டைக் கொடுக்கவில்லை. பனாபா மக்களின் பிள்ளைகள் இன்றும் பெரும்பாலும் ராபியில்தான் இருக்கிறார்கள், ஃபிஜி குடிமக்களாக. கிரிபாஸ் பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மற்ற வரலாறு சுருக்கமாக. 1857இல் அபையாங் தீவில் ஹைரம் பிங்காம் என்ற அமெரிக்க மதபோதகர் வந்து இறங்கினார், மொழிக்கு எழுத்தும் பைபிள் மொழிபெயர்ப்பும் அவரால் வந்தவை. இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் கத்தோலிக்கர். 1892இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு, 1916இல் காலனி. 1943 நவம்பரில் தராவாவின் பெட்டியோ தீவில் நடந்த போர் உலகம் அறிந்தது. ஓதம், அதாவது கடலின் ஏற்றம், எதிர்பார்த்த அளவு இல்லாததால் அமெரிக்கப் படகுகள் பவளப்பாரில் தட்டி நின்றன, வீரர்கள் குண்டு மழையில் பல நூறு மீட்டர் நடந்தே கரையேற வேண்டியிருந்தது. மூன்றே நாளில் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கரும், ஜப்பானியரும் கொரியத் தொழிலாளருமாக 4,500 பேர் அளவிலும் இறந்தார்கள். துருப்பிடித்த பீரங்கிகள் இன்னும் கரையில் நிற்கின்றன. 1957, 58இல் பிரிட்டனும் 1962இல் அமெரிக்காவும் கிரிட்டிமாட்டி பகுதியில் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அதே காலனியில் சேர்ந்திருந்த எல்லிஸ் தீவுகள் பிரிந்து துவாலு ஆயின. கடைசியில் 1979 ஜூலை 12 அன்று விடுதலை, முதல் அதிபர் 29 வயது இயெரேமியா டபாய். அதே ஆண்டில்தான் பனாபா பாஸ்பேட்டும் தீர்ந்தது. கஜானா காலியான வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் என் முடிவு, ஒரே ஒரு விதிவிலக்கோடு: 1956இல் பாஸ்பேட் வரியிலிருந்து தொடங்கிய ஒரு சேமிப்பு நிதி. அதை அடுத்தடுத்து வந்த அரசுகள் கவனமாக வளர்த்து, இப்போது 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வைத்திருக்கின்றன.

இன்றைய வருமானத்தின் அடித்தளம் சூரை மீன். நாடு பெரும்பாலும் பிறநாட்டுக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்கிறது. முன்பு கப்பல்காரர்கள் ஒவ்வொரு தீவு நாடாகப் பிரித்துப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். நவூரு உடன்படிக்கை நாடுகள் என்ற எட்டு நாடுகள் ஒன்றுசேர்ந்து நாளுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்ததும் நிலைமை தலைகீழானது. அரசு வருமானத்தின் பெரும்பகுதி இப்போது இதிலிருந்துதான். எல் நினோ ஆண்டுகளில் சூரைக் கூட்டம் கிழக்கே நகர்ந்து கிரிபாஸ் கடலுக்குள் வருவதால் வருமானம் இன்னும் கூடும். இந்தப் பணத்தில் அரசு வெளித்தீவு மக்களிடம் கொப்பரையை உலக விலைக்கு மேலே வாங்குகிறது. பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றிய நான்கு லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2015இல் அங்கே வணிக மீன்பிடிப்பை முழுவதும் நிறுத்தினார்கள், 2021இல் அந்தத் தடையை நீக்க முடிவெடுத்தார்கள். வெளியே இருந்து பலர் திட்டினார்கள். இழந்த உரிமக் கட்டணத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுத் திட்டியிருந்தால் நியாயம்.

சுமார் 1,20,000 மக்களில் பாதிக்கு மேல் தெற்குத் தராவா என்ற ஒரு குறுகிய நிலத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அதன் முனையில் இருக்கும் பெட்டியோ இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை, அதில் 17,000 பேருக்கு மேல். பள்ளி, மருத்துவமனை, சம்பள வேலை எல்லாம் அங்கே இருப்பதால் மக்கள் அங்கே வருகிறார்கள். விளைவு என்ன? கிணறுகளுக்குப் பக்கத்திலேயே கழிவறையும் பன்றிப்பட்டியும். மேலே மிதக்கும் நன்னீர்ப் படலம் கெட்டுவிட்டது. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறப்பது அங்கே அதிகம். குழாய்த் தண்ணீர் பொன்ரிக்கி, புவோட்டா என்ற இரண்டு ஒதுக்கப்பட்ட இடங்களிலிருந்து வருகிறது, அதுவும் நாளுக்குச் சில மணி நேரமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ. அந்த நீர் நிலங்களின் சொந்தக்காரர்களுக்கும் அரசுக்கும் தீராத பிணக்கு.

இப்போது மூழ்குவதைப் பற்றி. கடல் மட்டம் உயர்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் தீவு சிமெண்டுத் தளம் இல்லை, அது அசையும் மணல். 2010இல் மத்திய பசிபிக்கின் 27 பவளத்தீவுகளைப் பழைய வான்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், நான்குதான் சுருங்கியிருந்தன, மற்றவை அப்படியே இருந்தன அல்லது வளர்ந்திருந்தன. பார் உயிரோடு இருந்தால் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். இதை வைத்துக்கொண்டு பிரச்சினையே இல்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். பரப்பு குறையாமலே ஒரு தீவு வாழ முடியாததாகிவிடும். பேரோதத்தின் அலை ஒருமுறை ஏறி இறங்கினால் போதும், பபாய்க் குழியும் கிணறும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வீண். கடல் சூடேறிப் பவளம் வெளுத்தால் மணல் வருவதும் நிற்கும். தெற்குத் தராவாவில் தாங்களே கட்டிய கடல் சுவர்களும் காயலை அடைத்துப் போட்ட சாலைகளும் மணல் ஓட்டத்தைத் தடுத்து அரிப்பைக் கூட்டியிருக்கின்றன. அதனால்தான் நான் கடல் மட்டத்தைவிடத் தண்ணீரைப் பற்றி அதிகம் பேசுகிறேன். நிலம் போவதற்கு வெகுமுன்பே தண்ணீர் போய்விடும்.

அரசுகள் என்ன செய்தன? அதிபர் அனோட்டே டோங் காலத்தில் "மானத்தோடு இடம்பெயர்வது" என்ற கொள்கை பேசப்பட்டது. 2014இல் ஃபிஜியின் வனுவா லெவு தீவில் இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலமும் வாங்கினார்கள். 2016இல் வந்த டனேட்டி மாமாவ் அந்தப் பேச்சை மாற்றி, இங்கேயே இருந்து வளர்வோம் என்றார். அலையாத்திக் கன்று நடுவது, கூரை மழைநீர்த் தொட்டிகள், தெற்குத் தராவாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் என்று வேலை நடக்கிறது. நியூசிலாந்து குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 75 பேர் என்று நீண்டகாலம் இடம் கொடுத்து வந்தது. அங்கே காலநிலை அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்ட கிரிபாஸ்காரர் ஒருவரின் வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனது. 2020இல் வெளியான முடிவு அவருக்கு எதிராக வந்தாலும், உயிருக்கு ஆபத்தான நிலை உருவானால் அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது.

ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், அதுதான் காரணம். பனாபா ஒன்று. இன்னொன்று பீனிக்ஸ் தீவுகள். தெற்குத் தீவுகளில் நெரிசல் என்று 1938இலிருந்து பிரிட்டிஷ் அரசு ஒரோனா, மன்ரா, நிக்குமரோரோ ஆகிய ஆளில்லாத் தீவுகளில் குடும்பங்களைக் குடியேற்றியது. வறட்சி தாங்காமல் 1963க்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, அவர்களை சாலமன் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். கிசோ, வாகினா பகுதிகளில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நில உரிமைக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மனியாபாவில் உங்கள் இடம் உங்கள் நிலத்தோடு சேர்ந்தது. பபாய்க் குழி பாட்டன் தோண்டியது. முன்னோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு விசாவுக்காக விட்டுவிட வேண்டும் என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். அதோடு, அந்தக் கடலைச் சூடாக்கிய கரிப்புகையில் அவர்களின் பங்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். கிளம்பு என்று அவர்களிடம் சொல்வதற்கு முன், அந்தப் புகையை விட்டவர்களிடம் நிறுத்து என்று சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

எப்போதாவது போக நினைத்தால் சில விஷயங்கள். தராவாவுக்கு வழக்கமான வழி ஃபிஜியின் நாடியிலிருந்து விமானம். கிரிட்டிமாட்டிக்குத் தனியாகப் போக வேண்டும், காயலில் தூண்டில் போட வரும் வெளிநாட்டினரால் அது கொஞ்சம் பிரபலம். விடுதலை நாளான ஜூலை 12ஐ ஒட்டிப் போனால் நல்ல ஆட்டக்குழுக்களைப் பார்க்கலாம். யாரைப் பார்த்தாலும் "மௌரி" என்று சொல்லுங்கள். மனியாபாவில் காட்டிய இடத்தில் உட்காருங்கள், உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது குனிந்து போங்கள், காலை நடுவை நோக்கி நீட்ட வேண்டாம். யார் வீட்டிலும் ஒரு பொருளை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள், கையில் கொடுத்துவிடுவார்கள். வெளித்தீவுக்குப் போவதானால் ஆஸ்திரேலிய டாலரை ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஏ.டி.எம். கிடையாது. குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.